டாக்டர் குடித்துவிட்ட காப்பி

டாக்டர் முனீஃபைப் பற்றி இதுவரை மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. மூன்றிலும் என் கல்யாணம் இல்லை.

எழுதியவர்கள் மூவரும் பேராசிரியர்கள். ஒருவர் அவரை அரபு ஒற்றுமையின் சலிக்காத குரல் என்கிறார். இன்னொருவர் தோற்றுப்போன தலைமுறையின் கடைசி மனிதர் என்கிறார். மூன்றாமவர் இரண்டையும் கலந்து ஒரு முன்னுரை எழுதி, அட்டையில் டாக்டரின் படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார். மூவருமே எங்கள் ஸல்த் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, என்னிடம் பேட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். நான் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பேனாவை மூடிவிட்டு, "கட்சியின் நான்காவது மாநாடு பற்றி ஏதாவது தெரியுமா?" என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் வருகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா சுஹைல் டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டர். கட்சியிலும் இருந்தார், ஆனால் அங்கேயும் கம்பவுண்டர் மாதிரிதான்; தலைவர்கள் எழுதிக் கொடுப்பதைக் கலக்கிக் கொடுப்பார். எங்கள் பெயர்களைப் பார்த்தாலே அது தெரியும். சிரியாவும் எகிப்தும் ஒன்றான வருடத்தில் பிறந்தவள் என் அக்கா, அதனால் வஹ்தா, அதாவது ஒற்றுமை. நான் பிறப்பதற்குள் அந்த ஒற்றுமை உடைந்துவிட்டது. எனக்குக் கிஃபாஹ், போராட்டம். நாடுகளின் ஒற்றுமை மூன்றரை வருடம்தான் தாங்கியது. எங்கள் அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, இன்னமும் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டு திடமாக இருக்கிறாள்.

டாக்டர் பிறப்பால் கிறிஸ்தவர். நாங்கள் முஸ்லிம்கள். இதை நான் உங்களுக்காகச் சொல்கிறேன். அவர் காதில் விழுந்தால் திட்டுவார். "நீங்க எந்த மதம் டாக்டர்?" என்று புது நோயாளி யாராவது கேட்டால், "ஓ பாசிட்டிவ்" என்பார். எந்த மதத்துக்கும் சலுகை கிடையாது என்று கிளினிக்கை வெள்ளிக்கிழமையும் திறந்து வைப்பார், ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைப்பார். அரபு தேசத்தின் மதச்சார்பின்மையை முழுதாகச் சுமந்தவர் லீவே கிடைக்காத என் அப்பாதான்.

டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தேழில் கட்சிகளைத் தடை செய்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள்; பாலைவனத்துச் சிறையில் ஏழு வருடம். திரும்பி வந்தபோது தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. எண்பத்தொன்பதில் மறுபடியும் தேர்தல் வந்தபோது நின்றார். கோத்திரம் பார்த்து ஓட்டுப் போடாதீர்கள் என்று தெருத்தெருவாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், கண் கலங்கினார்கள், பிறகு போய் அவரவர் கோத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை அதே ஆட்கள் இருமிக்கொண்டு கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு வந்த கோபத்தில் எல்லோருக்கும் கசப்பு மருந்தாகக் கலக்கலாம் என்றிருந்தார். டாக்டர்தான் தடுத்தார். "இருமலுக்குக் கட்சி இல்ல சுஹைல். மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லு."

அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் என் கதை.

நான் நகராட்சியில் நிலஅளவையாளர். ரபாப் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அம்மான் போகும் பஸ்ஸில் மூன்று வருடம் எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து, நாலாவது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அவள் அப்பா அபூ மாஜித்துக்கு மட்டும் ஆகவில்லை. என் அம்மாவும் வஹ்தா அக்காவும் இரண்டு முறை போய்க் கேட்டார்கள். இரண்டு முறையும் நல்ல டீ கொடுத்து, "பொண்ணு சின்னவ" என்று அனுப்பிவிட்டார். பொண்ணுக்கு இருபத்தாறு வயது.

காரணம் ஊருக்கே தெரியும். அபூ மாஜித் என்றால் மாஜித்தின் அப்பா; அவருடைய சொந்தப் பெயர் ஃபவ்வாஸ். டாக்டரோடு ஒரே நாளில் பிடிபட்டவர், ஒரே அறையில் அடைபட்டவர். இரண்டு வருடம் தாங்கினார். அந்தக் காலத்தில் சிறையைவிட்டு வெளியே வர ஒரு வழி இருந்தது. கட்சியைப் பழித்து, தலைவரைப் பெயர் சொல்லித் திட்டி ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அது பேப்பரில் வரும். அபூ மாஜித்தின் அறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டர் முனீஃப் துரோகி, நாட்டைக் கெடுக்க வந்தவர் என்று இருபது வரி. டாக்டர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. இன்னும் ஐந்து வருடம் உள்ளே இருந்தார்.

டாக்டர் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அபூ மாஜித் முப்பது வருடமாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் தெருவைவிடப் படிகள் அதிகம். டாக்டர் ஒரு படிவரிசையில் ஏறி வந்தால் அபூ மாஜித் அடுத்த வரிசையில் இறங்கிவிடுவார். மகளை எங்கள் வீட்டில் கொடுத்தால் கல்யாணத்தில், பிள்ளைப்பேற்றில், ஒவ்வொரு பெருநாளிலும் டாக்டர் எதிரே உட்கார்ந்திருப்பார். அபூ மாஜித் பயந்தது அதற்குத்தான், என் சம்பளத்துக்கு அல்ல.

மிச்சமிருந்தது ஜாஹா ஒன்றுதான். ஊரில் மதிப்புள்ள ஒருவரை முன்னால் விட்டு, நாற்பது ஐம்பது ஆண்கள் பெண் வீட்டுக்குப் போவது. அப்படி வருபவர்களை வாசலில் நிறுத்த எந்த வீட்டுக்கும் துணிச்சல் கிடையாது. முதல் கப் காப்பி தலைவருக்கு வரும். அவர் குடிக்காமல் கீழே வைப்பார். "குடிங்க" என்பார் வீட்டுக்காரர். "வந்த காரியம் ஆகட்டும், குடிக்கறோம்" என்பார் இவர். அவ்வளவுதான். விருந்தாளியைக் காப்பி குடிக்காமல் அனுப்பினவன் என்ற பேரை எங்கள் ஊரில் எவனும் வாங்க மாட்டான். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

"யார முன்னால விடறது?" என்றார் அம்மா.

"டாக்டரதான்," என்றேன் நான். "அவர் கப்பக் கீழ வெச்சா அந்த மனுஷனால மாட்டேன்னு சொல்ல முடியாது."

நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் யோசனை இல்லை இது. ஆனால் அன்று எனக்கு ரபாப் வேண்டும். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஐம்பத்தைந்தில் டாக்டர் இந்த வழக்கத்தைத் தாக்கிக் கட்டுரை எழுதியவர். ஒருவரை ஒருவர் விரும்பும் இரண்டு பேருக்கு நடுவில் நாற்பது மீசைகள் எதற்கு என்று கேட்டிருந்தார். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

"அந்த வீட்டுப் படி ஏற முப்பது வருஷமா ஒரு சாக்கு கிடைக்கல. இப்ப நீயே கொண்டு வர்ற. வரேன்யா, வரேன்."

அப்பாவுக்கு அதோடு நிம்மதி வரவில்லை. டாக்டரைக் கூட்டத்தில் பேச விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. நோயாளிகள் போனதும் மருந்து அளக்கும் சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுப்பார்.

"இந்தாங்க. வாங்கிட்டீங்க. இப்ப என்ன பண்ணுவீங்க?"

"கீழ வைப்பேன்."

"குடிக்கக் கூடாது."

"கூடாது."

"அப்பறம் பேச்சு. அரபு ஐக்கியம் வேண்டாம் டாக்டர். பாலஸ்தீனம் வேண்டாம். எண்ணெய் விலை வேண்டவே வேண்டாம். பொண்ண மட்டும் கேளுங்க."

"ஐக்கியம் இல்லாம கல்யாணம் எப்படி சுஹைல்?"

"அதான் சொல்றேன், அது தானா வரும். நீங்க பேச வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகை முடிந்து கிளம்பினோம். கிளினிக் வெள்ளிக்கிழமையில் மூடிக் கிடந்ததைப் பார்த்து ஊரே யாரோ செத்துவிட்டதாக நினைத்தது. நாற்பத்திரண்டு பேர். டாக்டர் பழைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் படியேறினார். எழுபது வயதில் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்க வைத்தார்.

அபூ மாஜித் வாசலில் நின்றார். டாக்டர் கையை நீட்டினார். அவர் பிடித்துக் குலுக்கினார், ஆனால் டாக்டரின் கோட்டுப் பொத்தானைத்தான் பார்த்தார். உள்ளே சுவரோரமாக நாற்காலிகள். ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் அவர்கள் கோத்திரத்துப் பெரியவர்கள், நடுவில் அவருடைய அண்ணன் ஹாஜி தர்வீஷ். அபூ மாஜித்தின் முகம் வெளுத்திருந்தது. அன்று காலை அவர் மனைவியிடம் சொன்னதை ரபாப் பிறகு எனக்குச் சொன்னாள். "அந்த மனுஷன் கப்பக் கீழ வெச்சா நான் என்னடி சொல்ல முடியும்? அன்னைக்கு ஜெயில்லயும் எனக்கு வேற வழி விடல, இன்னைக்கும் விடல."

அவருடைய மகன் மாஜித் பித்தளைக் கூஜாவோடு வந்தான். முதல் கப்பை ஊற்றி டாக்டரிடம் நீட்டினான். பிறகு வரிசையாக எங்கள் எல்லோர் கையிலும் ஒவ்வொன்று. நாங்கள் வழக்கப்படி டாக்டர் கீழே வைப்பதற்காகக் காத்திருந்தோம்.

டாக்டர் கப்பைப் பார்த்தார். முகர்ந்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

எனக்கு அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் வாயிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தது, அது வார்த்தையில்லை. நாற்பத்தோரு பேர் கையில் கப்பை வைத்துக்கொண்டு, குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போதும் என்றால் கப்பை ஆட்டிக் கொடுக்க வேண்டும். டாக்டர் ஆட்டவில்லை. நீட்டினார். பாவம் மாஜித், அப்பாவைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று ஊற்றினான். அதையும் குடித்தார்.

"குடிச்சுட்டாரே!" என்றார் என் சித்தப்பா, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "இனி எதக் காட்டிக் கேக்கறது?"

டாக்டர் கப்பை ஆட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஃபவ்வாஸ்," என்றார். பிள்ளை பெற்றவரை எங்கள் ஊரில் சபை நடுவில் யாரும் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காப்பி நல்லா இருந்துது. குடிச்சுட்டேன். இனி உனக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. இப்ப கேக்கறேன். சுஹைலோட மகன் கிஃபாஹ் உன் மக ரபாப்பக் கட்டிக்க ஆசைப்படறான். நல்ல பையன், கொஞ்சம் முன்கோபி. சரின்னாலும் சொல்லு, மாட்டேன்னாலும் சொல்லு. எதச் சொன்னாலும் நான் நாளைக்கும் உனக்கு சலாம் சொல்வேன்."

உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். என் கல்யாணத்தில் வந்துதானா அவர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஹாஜி தர்வீஷ் தம்பியின் காதருகே குனிந்தார். "குடிச்சாச்சு. நம்ம மேல ஒரு பொறுப்பும் இல்ல. முடியாதுன்னு சொல்லிடு, இதோட போச்சு." அறை முழுக்கக் கேட்டது.

அபூ மாஜித் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி டாக்டரின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க," என்றார்.

எந்த ஜாஹாவிலும் எவரும் கேட்டிராத பதில் அது. உள்ளே பெரிய தட்டில் குனாஃபா இனிப்பு தயாராக இருந்தது. நெய் வாசனை வந்தது. அதைத் தொடாமல் நாற்பத்திரண்டு பேர் எழுந்து படியிறங்கினோம். இரண்டு பக்க ஜன்னல்களிலும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குலவையிடக் காத்திருந்த வாய்கள் அப்படியே மூடிக்கொண்டன.

பாதிப் படியில் நான் டாக்டரை மறித்தேன். எனக்குக் கண் எரிந்தது.

"ஏன் டாக்டர் குடிச்சீங்க? ஒரு வாரமா அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! மறந்துட்டீங்களா?"

"மறக்கலடா."

"பின்ன?"

அவர் படியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். "அவன் ஒரு தடவ வேற வழியில்லாம கையெழுத்துப் போட்டான். நானும் போய் அவன் முன்னால கப்ப வெச்சுட்டு, குடுத்தாத்தான் ஆச்சுன்னு உக்காந்தா, அந்த ஜெயிலருக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?"

"அது அரசியல். இது என் கல்யாணம்!"

"தெரியும். ஆனா ரெண்டுத்தையும் தாங்க வேண்டியது அதே ஆளுதானே."

நான் அவரிடம் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "இதனாலதான் நீங்க ஜெயிக்கவே இல்ல," என்றேன். அப்பா என் தோளில் ஓர் அடி போட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "இருக்கலாம்டா," என்று சொல்லிவிட்டு எழுந்து இறங்கினார். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கிளினிக்கில் அப்பாவின் மருந்து அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு அபூ மாஜித் வந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை. எல்லோரும் எழுந்து, "நீங்க முதல்ல போங்க, அபூ மாஜித்," என்று வழிவிட்டார்கள். அவர் கேட்கவில்லை. அப்பாவிடம் வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு, பால்மறக்காத ஒரு குழந்தையின் தாய்க்கும் கால் வீங்கிய ஒரு கிழவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவர் முறை வந்தது. உள்ளே போனார். மருந்து அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் சீட்டு வாங்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது திறந்தே இருந்தது. நான் ஒட்டுக் கேட்டேன். அப்பாவும்தான் கேட்டார்.

"எங்கம்மா சாகக் கிடந்தா," என்றார் அபூ மாஜித். எடுத்த எடுப்பிலேயே, உட்காரக்கூட இல்லை. "அதனாலதான் போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொய். அம்மா நல்லாத்தான் இருந்தா. எனக்கு உள்ள இருக்க முடியல. அவ்வளவுதான். நீங்க துரோகின்னு என் கையாலதான் எழுதினேன்."

"உக்காரு ஃபவ்வாஸ்."

"உக்கார மாட்டேன். நீங்க ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க."

"திட்டறதுக்கா? நான் நன்றியில்ல சொல்லணும். நீ போன அன்னைக்கு உன் போர்வைய நான் எடுத்துக்கிட்டேன்."

"என்ன?"

"உன் போர்வை. அந்தக் குளிரு ஞாபகம் இருக்கா? ராத்திரி தண்ணிப் பானை உறைஞ்சு போகுமே. ஆளுக்கு ஒரு போர்வைதான். அப்ப எனக்கிருந்த நெஞ்சுச் சளியோட ஒரு போர்வைல நான் அடுத்த மாசத்தத் தாண்டியிருக்க மாட்டேன், டாக்டர் சொல்றேன் கேட்டுக்கோ. நீ போனே, எனக்கு ரெண்டாச்சு. அஞ்சு குளிர்காலம் ரெண்டு போர்வைலதான் ஓட்டினேன்."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இத..." அபூ மாஜித்தின் குரல் உடைந்தது. "இதச் சொல்ல முப்பது வருஷமா உங்களுக்கு?"

"நீ என்னப் பாத்தாலே படியில இறங்கி ஓடற. தெருவுல நின்னு கத்திச் சொல்ற விஷயமா இது?"

பிறகு கேட்டது என்னவென்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு மாதிரி தொடங்கியது, சிரிப்பாக முடியவில்லை. அப்பா கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினார். அவர் கன்னமும் ஈரமாக இருந்தது. "கேட்டது போதும்," என்றார். "போய் அந்தப் பாட்டில்களத் துடை."

வெகுநேரம் கழித்து அபூ மாஜித் வெளியே வந்தார். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. நேராக மருந்து அறை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"நேத்தே ரபாப்பக் கேட்டேன். அவளுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். எங்கிட்ட யாரும் வாங்கல, நானா தர்றேன், தெரிஞ்சுக்கோ."

நான் துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலோடு எழுந்தேன். அப்பாதான் எனக்குப் பதிலாக அவரைக் கட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் வஹ்தாவ அனுப்புங்க," என்றார் அவர். "நாப்பது பேரெல்லாம் வேண்டாம். அந்தக் குனாஃபா வேற அப்படியே கிடக்குது."

கிளம்பும்போது பெஞ்சிலிருந்த கால் வீங்கிய கிழவர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அத்தனை நேரம் உள்ளே இருந்துவிட்டு அழுத முகத்தோடு வரும் மனிதரைப் பார்த்து அவருக்குக் கவலையாகிவிட்டது.

"அபூ மாஜித், டாக்டர் என்ன சொன்னாரு? பெருசா ஒண்ணும் இல்லையே?"

அபூ மாஜித் நின்று யோசித்தார்.

"ஒண்ணுமே இல்லைங்கறாரு," என்றார். "முப்பது வருஷமா இருக்குதுன்னு நான்தான் நெனச்சுட்டு இருந்தேனாம்."